ரேகை தேய்ந்த விரலுக்கு ஆப் திறக்குமா? பாஸ்கோடு ஏன் 'மாற்று வழி' மட்டும் அல்ல

போன மாசம் மார்த்தாண்டம் பக்கம் பெரியம்மை வீட்டுக்குப் போயிருந்தேன். உட்காரக்கூட இல்லை, போனைக் கையில் கொடுத்துவிட்டார். "இதுக்கு என்னைத் தெரியல மக்களே, நீ கொஞ்சம் பாரு."

சேமிப்புப் பணம் இருக்கும் ஓர் ஆப். புதிய அப்டேட் வந்த பிறகு, திறக்கும்போதெல்லாம் விரல் கேட்கிறது. வைக்கிறார், 'பொருந்தவில்லை' என்கிறது. துடைத்துவிட்டு வைக்கிறார், மறுபடியும் அதே பதில். ஐந்தாவது முறைக்குப் பிறகு 'சற்று நேரம் கழித்து முயலவும்' என்று கதவைச் சாத்திக்கொண்டது. அந்தத் திரையில் வேறு பட்டனே இல்லை.

பெரியம்மைக்கு முப்பது வருஷமாக முந்திரி ஆலையில் வேலை. எங்க பக்கம் அதை 'அண்டி ஆபீஸ்' என்போம். முந்திரித் தோட்டுக்குள் இருக்கும் எண்ணெயில் அனகார்டிக் அமிலம், கார்டால் போன்ற பொருள்கள் உண்டு. தோலில் பட்டால் பொசுக்கும், பிறகு தோல் உரியும். சாம்பலோ எண்ணெயோ தடவிக்கொண்டு வேலை செய்பவர்கள்தான் அதிகம். கையுறை போடலாமே என்றால், போட்டால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் கூலி குறையும். சரி, இவர் விரல் எப்படி முதலில் போனில் பதிந்தது? ஆலை ஒரு மாதம் பூட்டிக் கிடந்தபோது பதிந்தது. அப்போது கை ஆறியிருந்தது. ஆலை திறந்தது, ரேகை போனது.

இது பெரியம்மை ஒருவரின் பிரச்னை இல்லை. கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு பக்கம் ரப்பர் பால் வெட்டுபவர்கள், தூத்தூர், வள்ளவிளை கடற்கரையில் உப்புத் தண்ணீரிலும் வலைக் கயிற்றிலும் கை தேய்ந்தவர்கள், வயதானவர்கள் என்று இந்த மாவட்டத்தில் ஆள் எண்ணத் தொடங்கினால் நிறுத்த முடியாது. ரேஷன் கடையில் இது நமக்குப் பழகிய காட்சிதான். தமிழ்நாட்டில் 2020-ல் ரேஷன் கடைகளுக்கு கைரேகை முறை வந்ததிலிருந்து "விரல் விழல" என்பது அன்றாடப் பேச்சாகிவிட்டது.

ஆனால் ரேஷன் கடையில் நடப்பதும் போனில் நடப்பதும் ஒன்றல்ல. பலர் குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான்.

ரேஷன் கடை இயந்திரத்தில் விரல் வைத்தால், அது ஆதார் தகவல் தொகுப்பில் உள்ள பதிவோடு ஒப்பிடப்படுகிறது. அதற்கு நெட்வொர்க் வேண்டும். போனில் அப்படி இல்லை. உங்கள் விரலோ முகமோ போனுக்குள்ளேயே, சிப்பில் தனியாகப் பிரித்து வைத்திருக்கும் பாதுகாப்பான பகுதியில் கணக்குக் குறிப்பாக இருக்கிறது. ஆப் அதைப் பார்ப்பதே இல்லை. "இவர் அவர்தானா?" என்று ஆப் போனிடம் கேட்கும், போன் "ஆம்" அல்லது "இல்லை" என்று சொல்லும். ஆகவே 'பேங்க் ஆப்ல விரல் வச்சா ரேகை பேங்குக்குப் போயிடும்' என்ற பயம் தேவையில்லை. நடுக்கடலில் சிக்னல் இல்லாத போதும் இது வேலை செய்யும். ஓடிபி அங்கே வராது.

சரி, அப்படியென்றால் பெரியம்மையை வெளியே நிறுத்தியது யார்? போன் இல்லை. ஆப்பை எழுதியவர்.

இப்போது பல ஆப்கள் ஒரே கோடில் எழுதப்பட்டு ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓடுகின்றன. கூகுளின் ஃப்ளட்டர், மெட்டாவின் ரியாக்ட் நேட்டிவ் எல்லாம் இதற்கான கருவிகள். ஃப்ளட்டரில் கைரேகை கேட்க 'லோக்கல் ஆத்' என்று ஒரு தயார்நிலைத் தொகுப்பு இருக்கிறது. சில வரிகளில் வேலை முடிந்துவிடும். அதில் 'பயோமெட்ரிக் ஒன்லி' என்று ஒரு தேர்வு. அதை இயக்கினால் விரல் அல்லது முகம் மட்டும்தான் செல்லும். இயக்காமல் விட்டால் போனின் பின், பேட்டர்ன் ஆகியவையும் செல்லும். கோடில் ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். சோதித்துப் பார்ப்பவர் விரலில் ரேகை நன்றாக இருப்பதால், அந்தச் சொல் யாரை வெளியே தள்ளுகிறது என்று அலுவலகத்தில் தெரியவே தெரியாது.

அப்போ அந்தத் தேர்வை அணைத்துவிட்டால் போதுமா?

போதாது. இங்கேதான் எனக்கு டெவலப்பர் நண்பர்களோடு சண்டை வரும். போனின் பின் நம்பரையே ஆப்புக்கும் சாவியாக்கினால் இன்னொரு சிக்கல். நம் வீடுகளில் போன் பின் குடும்பச் சொத்து. பேரன் கேம் விளையாடவும், பக்கத்து வீட்டு அக்கா அவசரத்துக்கு ஒரு கால் பண்ணவும் தெரிந்திருக்கும். தூத்தூர் பக்கம் ஆழ்கடலுக்குப் போனவர்கள் திரும்ப வாரக்கணக்கில் ஆகும், வீட்டில் இருக்கிற போனை எல்லோரும்தான் எடுப்பார்கள். அந்த பின் தெரிந்த யாரும் போன் செட்டிங்ஸில் போய்த் தன் விரலைப் புதிதாகச் சேர்த்துவிடலாம். பிறகு பணம் இருக்கும் ஆப்பும் அந்த விரலுக்குத் திறக்கும், ஆப் எழுதியவர் கவனமாக இல்லாவிட்டால்.

கவனம் என்றால் என்ன? போன் சொல்லும் "ஆம்" என்ற ஒரு வார்த்தையை நம்பிக் கதவைத் திறக்கக் கூடாது. பூட்டை உடைத்து மாற்றிய போன்களில் அந்த "ஆம்" பொய்யாகவும் வரலாம். அதற்குப் பதிலாக, ஆண்ட்ராய்டில் கீஸ்டோர், ஐபோனில் கீசெயின் என்ற பெட்டகத்தில் ஒரு சாவியை வைத்து, சரியான விரல் பட்டால்தான் சாவி வெளிப்படும் என்று செய்யலாம். புதிதாக ஒரு விரல் சேர்ந்தால் பழைய சாவி செல்லாமல் போகும்படியும் அமைக்கலாம். இரண்டு தளங்களிலும் இந்த வசதி உண்டு. ஆனால் இதற்கு அந்தச் சில வரிகளைத் தாண்டிக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

என் கருத்து இதுதான்: பணமோ மருத்துவக் குறிப்போ இருக்கும் எந்த ஆப்பும், போன் பின்னிலிருந்து வேறான தன் சொந்த ஆறு இலக்க பாஸ்கோடை முதலில் கேட்க வேண்டும். விரல், முகம் எல்லாம் அதன்மேல் விருப்பப்பட்டால் சேர்த்துக்கொள்ளும் வசதி. இன்று பல ஆப்களில் இது தலைகீழாக இருக்கிறது. விரல்தான் வாசல், பாஸ்கோடு கொல்லைப்புறம்.

'பாஸ்கோடு பலவீனம், பயோமெட்ரிக்தான் பலம்' என்பார்கள். பாதி உண்மை. ஆப்பிள் தரும் கணக்குப்படி, வேறொருவர் விரலுக்கு டச் ஐடி ஏமாறும் வாய்ப்பு 50,000-ல் ஒன்று, ஃபேஸ் ஐடிக்கு 10 லட்சத்தில் ஒன்று. ஆறு இலக்க எண்ணிலும் 10 லட்சம் சேர்க்கைகள். ஐந்து தவறுக்கு மேல் பூட்டிவிட்டால் குருட்டாம்போக்கில் கண்டுபிடிப்பது லேசில்லை (பிறந்த தேதியை வைக்காத வரை). மறுபக்கம், 2013-ல் டச் ஐடி வந்த சில நாள்களிலேயே ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் அதைப் போலி விரலால் திறந்து காட்டியது. 2019-ல் சாம்சங் கேலக்சி எஸ்10 போனில் சிலவகை ஸ்கிரீன் கவர் ஒட்டினால் யார் விரலுக்கும் திறந்தது, பிறகு அப்டேட் கொடுத்துச் சரிசெய்தார்கள். பாஸ்கோடு கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். விரலை எங்கே போய் மாற்றுவது?

இப்போது இதைப் பேச ஒரு காரணம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 25 அன்று ரிசர்வ் வங்கி டிஜிட்டல் பணப் பரிவர்த்தனைக்கான புதிய அங்கீகார விதிகளை வெளியிட்டது. அமலாகும் தேதி 2026 ஏப்ரல் 1. குறைந்தது இரண்டு சான்றுகள் வேண்டும், அவை நீங்கள் வைத்திருப்பது, நீங்கள் அறிந்தது, நீங்களாகவே இருப்பது என எந்த வகையிலும் இருக்கலாம் என்கிறது விதி. எஸ்எம்எஸ் ஓடிபியை ஒழிக்கவில்லை, அதை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம் என்கிறது. அடுத்த மாதமே, அக்டோபர் 7-ல், யுபிஐயில் பின் நம்பருக்குப் பதில் போனிலுள்ள விரல், முகம் வழியாகப் பணம் அனுப்பும் வசதியை என்பிசிஐ அறிமுகம் செய்தது. அது விருப்பத் தேர்வு, பின் நம்பர் தொடர்கிறது. பாராட்டலாம். ஆனால் விரலுக்கு நகரும் அவசரத்தில் மற்ற ஆப்கள் அந்த 'விருப்பம்' என்ற சொல்லைத் தொலைத்துவிடும் என்பதே என் கவலை.

சட்டமும் பயனாளர் பக்கம்தான் நிற்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு ஒரு தீர்ப்பு வழங்கியது. ஆசிட் வீச்சில் கண்கள் பாதிக்கப்பட்டவரிடம் கேமரா முன் கண் சிமிட்டச் சொன்னது டிஜிட்டல் கேஒய்சி. முடியவில்லை. டிஜிட்டல் சேவையை அணுகுவது அரசமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று சொல்லி 20 வழிகாட்டுதல்களை நீதிமன்றம் பிறப்பித்தது. வழக்கு கேஒய்சி பற்றியது, ஆப் பூட்டு பற்றியது அல்ல. ஆனாலும் கண் சிமிட்ட முடியாதவருக்குச் சொன்ன நியாயம், ரேகை இல்லாதவருக்கு மட்டும் எப்படிப் பொருந்தாமல் போகும்?

பெரியம்மை கதைக்கு வருகிறேன். கடைசியில் ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். ஓடிபி வந்தது. விரல் கேட்கும் திரையில், கீழே சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் 'பிறகு செய்கிறேன்' என்றிருந்தது. அதைத் தொட்டதும் ஆறு இலக்க எண் கேட்டது. ஆக, வழி இருந்திருக்கிறது. முதல் நாள் மட்டும், கண்ணாடி போட்டுப் படிப்பவருக்கு மட்டும்.

இப்போது பெரியம்மை தானே திறக்கிறார். நேற்று போனில் கேட்டேன், "நம்பர் ஞாபகம் இருக்கா?" "அதெல்லாம் இருக்கு மக்களே, காலண்டருக்குப் பின்னாடி எழுதி வச்சிருக்கேன்" என்றார். அடுத்த முறை போகும்போது அதைப் பற்றிப் பேச வேண்டும்.