குருவி தலையில் பனங்காய்

வழிப்போக்கர் இளைப்பாறுவதற்கென்றே வீட்டின் முன்புறம் திண்ணை வைத்துக் கட்டிய நாடு நம்முடையது. காலம் மாறியதில் திண்ணைகள் குறைந்தன. ஆயினும் வெளியூராருக்குத் தங்க இடம் கொடுக்கும் வழக்கம் புதிய உருவில் திரும்பி வந்திருக்கிறது. மலைகளுக்கும் கடற்கரைகளுக்கும் உல்லாசப் பிரயாணமாக வருவோருக்குத் தம் வீட்டில் ஓரிரண்டு அறைகளைச் சில நாட்களுக்கு வாடகைக்கு விட்டு, வீட்டுச் சமையலும் அளித்து, அதனால் ஒரு சிறு வருமானம் காணும் குடும்பங்கள் இன்று பல. 'ஹோம்ஸ்டே' என்ற பெயரில் இத்தொழில் வழங்குகிறது. இதன்மீது விதிகளை இறுக்க வேண்டும், கட்டணங்களை உயர்த்த வேண்டும் என்ற குரல் உள்நாட்டிலும் வெளிநாடுகளிலும் ஓங்கி வருகிறது. அக்குரலுக்கு இணங்குவதற்கு முன், சுமை யாருடைய தலையில் விழப்போகிறது என்று ஆராய்வது அவசியமென்று கருதுகிறோம். நெசவையும் வேளாண்மையையும் நம்பி வாழும் நம் அங்கத்தினர்களுக்கு இது அயலார் விவகாரம் அன்று.

இமாசலப் பிரதேசத்துக் குலு பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்வோம். ஆப்பிள் தோட்டமும் கம்பளிச் சால்வை நெசவும் அப்பள்ளத்தாக்கின் இரு கண்கள். அங்குள்ள பூட்டி கிராமத்தில் 1944-இல் தோன்றிய நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் 'பூட்டிகோ' என்ற பெயரில் நாடெங்கும் அறியப்பட்டிருக்கிறது. ஆனால் ஆப்பிள் ஆண்டுக்கு ஒரு முறை விளைவது. பூக்கும் பருவத்தில் ஆலங்கட்டி மழை ஒன்று பெய்தால் ஓராண்டு உழைப்புப் போயிற்று. நெசவாளியின் கூலியோ நாம் அறியாததன்று. இத்தகைய குடும்பத்துக்கு மாடியில் உள்ள ஓர் அறை மூன்றாவது பயிர் போன்றது. அதுவும் நிச்சயமான பயிர் அன்று. 2023 ஜூலையில் பியாஸ் நதி பெருக்கெடுத்துச் சாலைகளை அறுத்துச் சென்றபோது, விளைபொருளும் வெளியே போகவில்லை. விருந்தினரும் உள்ளே வரவில்லை.

அம்மாநில அரசு 2008-இல் இதற்கென ஒரு திட்டம் வகுத்தபோது வீட்டுக்காரரை ஊக்குவிப்பதே அதன் நோக்கமாக இருந்தது. 2025-இல் அதன் இடத்தில் புதிய விதிகள் வந்தன. பதிவுக் கட்டணமும் உயர்ந்தது. அதே 2025 பிப்ரவரியில் மத்திய அரசின் வரவு செலவுத் திட்டம் ஹோம்ஸ்டே நடத்துவோருக்கு முத்ரா கடன் வழங்கப்படும் என்று அறிவித்தது. ஒரு கை கடன் கொடுக்கிறது. மறு கை கட்டணம் கேட்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே பொருத்தம் எங்கே என்று கேட்பது குற்றமாகாது.

நிலையான கட்டணம் எல்லோருக்கும் ஒன்றுதானே, அதில் அநீதி என்ன என்று சிலர் வினவலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக் கட்டணம் 6,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரே அறையை ஆண்டில் 40 இரவுகள் விடும் குடும்பத்துக்கு அது இரவு ஒன்றுக்கு 150 ரூபாய்ச் சுமை. 30 அறைகளை 200 இரவுகள் நிரப்பும் ஓட்டலுக்கோ அதே தொகை அறை ஒன்றுக்கு, இரவு ஒன்றுக்கு, 1 ரூபாய். கட்டணம் ஒன்று, சுமை நூற்றைம்பது மடங்கு. இதனோடு படிவங்கள், சான்றிதழ்கள், அலுவலகத்துக்கு நடக்கும் நடை ஆகியவற்றையும் கூட்டவேண்டும். ஓட்டல்காரருக்கு இவற்றைக் கவனிக்கக் குமாஸ்தா உண்டு. தோட்டக்காரர் ஒரு நாள் நகரத்துக்குப் போனால் ஒரு நாள் வேலை கெட்டது.

சிறியவர்கள் வரி கொடாமல் தப்புகிறார்கள் என்ற குற்றச்சாட்டும் சரியன்று. இணைய நிறுவனங்கள் மூலம் அறை பதிவு செய்யும்போது, வீட்டுக்காரர் வரிப் பதிவுக்கு உட்படாத சிறியவராயினும், பொருள் சேவை வரியை அந்நிறுவனமே வசூலித்துச் செலுத்தவேண்டும் என்பது இன்றைய சட்டம். இரவுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் இவ்வரி 5 சதவிகிதம். இது விற்பனைக்கு ஏற்ற வரி. அறை விடாத மாதத்தில் வரியும் இல்லை. இதுவே நியாயமான முறை.

பெரியதையும் சிறியதையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது என்ற உண்மையை நெசவாளருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1953-இல் இயற்றப்பட்ட சட்டம் ஆலைத் துணியின்மீது கெஜத்துக்கு மூன்று தம்படி கூடுதல் தீர்வை விதித்து, அத்தொகையைக் கதர், கைத்தறித் தொழில்களின் வளர்ச்சிக்கு ஒதுக்கியது. 1985-இல் வந்த சட்டம் சில ரகங்களைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கிவைத்தது. ஆலையும் தறியும் நெய்வது துணியே. ஆயினும் ஆலைக்குரிய விதி தறிக்குப் பொருந்தாது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது. ஓட்டலும் வீடும் தருவது தங்குமிடமே. ஆயினும் ஓட்டலுக்குரிய விதியை வீட்டின்மீது சுமத்துவது எவ்வாறு பொருந்தும்?

நிற்க. எதிர்த் தரப்பினர் கூறும் காரணங்களையும் நாம் மறைப்பதற்கில்லை. அவற்றுள் தலையானது குடியிருப்புப் பஞ்சம். வீடுகள் பிரயாணிகளுக்குப் போய்விட்டால் ஊராருக்கு வாடகை வீடு கிடைப்பது எப்படி என்பது அவர்கள் கேள்வி. ஸ்பெயின் தேசத்துப் பார்சிலோனா நகர மேயர் 2024 ஜூனில், உல்லாசப் பிரயாணிகளுக்கு விடப்படும் 10,101 வீடுகளின் உரிமங்கள் 2028-க்குப் பின் நீடிக்கப்படமாட்டா என்று அறிவித்தார். அங்கு வாடகை ஏறியதும் குடிகள் துன்புற்றதும் மெய்யே. உரிமையாளர் வேறெங்கோ இருக்க, கட்டடம் கட்டடமாக வீடுகளை வாங்கிப் பிரயாணிகளுக்கே விடும் மூலதனக்காரருக்காக நாம் வாதாடவில்லை. ஆனால் அதே நகரம் 2021-இல், தாம் வசிக்கும் வீட்டில் ஓர் அறையை மட்டும் 31 நாட்களுக்குக் குறைவாக விடுவதையும் தடுத்துவிட்டது. தன் படுக்கையறைக்கு அடுத்த அறையை விடும் மூதாட்டியும், நூறு வீடு வைத்திருக்கும் கம்பெனியும் ஒரே வலையில் சிக்கினர். நாம் எதிர்ப்பது இந்தப் பாகுபாடற்ற வலையைத்தான்.

இப்பாகுபாடு கற்பனையன்று. பாரன், குங், ப்ராசெர்பியோ என்னும் மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்க நாடு முழுவதற்குமான விவரங்களைத் திரட்டிச் செய்த ஆராய்ச்சி 2021-இல் வெளியாயிற்று. இவ்வகைத் தங்குமிடங்கள் 1 சதவிகிதம் பெருகினால் வாடகை 0.018 சதவிகிதம் உயர்கிறது என்று அவர்கள் கண்டனர். உயர்வு உண்டு என்பதை ஒப்புக்கொள்வோம். ஆனால் உரிமையாளர்களே குடியிருக்கும் வீடுகள் மிகுதியாக உள்ள பகுதிகளில் அந்த உயர்வு மேலும் குறைவு என்பதும் அவர்கள் கண்டதே. உரிமையாளர் உள்ளே வசிக்கும் வீடு சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட வீடு அன்று. அவர் விடுவது மிகுதி இடமே.

கடுமையான விதியின் பலனை நியூயார்க் நகரத்தில் காணலாம். அங்கு 2022-இல் வந்த சட்டம் 2023 செப்டம்பர் 5 முதல் அமுலாயிற்று. முப்பது நாட்களுக்குக் குறைவாக விடுவோர் 145 டாலர் கட்டிப் பதிவு செய்யவேண்டும். விருந்தினர் தங்கும் நாளில் வீட்டுக்காரரும் உடனிருக்கவேண்டும். இருவருக்கு மேல் ஏற்கலாகாது. பல்லாயிரமாக இருந்த அறைகள் சில ஆயிரமாகச் சுருங்கின. அதனால் குடிகளின் வாடகை இறங்கிற்றா என்றால், அடுத்த ஆண்டில் அதற்கான அடையாளம் இல்லை. ஓட்டல் அறைக் கட்டணமோ ஏறிற்று. காரணம் ஆழமானது. அச்சட்டம் அமுலாவதற்கு முன்பே, 2023-இன் முற்பகுதியில் எடுத்த கணக்கில், அந்நகரின் வாடகை வீடுகளில் 1.41 சதவிகிதமே காலியாக இருந்தன. 1968-க்குப் பின் இவ்வளவு குறைந்ததில்லை. போதிய வீடு கட்டாத குறையை, தாய் தந்தையரோடு வந்த ஒரு குழந்தையையும் ஏற்கக்கூடாது என்று வீட்டுக்காரரைத் தடுப்பதால் தீர்க்க முடியுமா?

மலைவாசஸ்தலங்களில் கூட்டமும் குப்பையும் நீர்ப் பற்றாக்குறையும் பெருகிவிட்டன என்பது மற்றொரு காரணம். இதுவும் மெய்யே. ஆனால் நோய்க்கு நேரான மருந்து வேறு உண்டு. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு 2024 மே மாதம் இ-பாஸ் முறை வந்தது. 2025 ஏப்ரலில், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு நிர்ணயமாயிற்று. அம்முறையில் குறைகள் இருக்கலாம். ஆயினும் கூட்டத்தைக் கூட்டமென்றே கருதி அளக்கும் முறை அது. கட்டணத்தை ஏற்றுவதால் கூட்டம் குறையாது. சிறிய வீட்டிலிருந்து பெரிய விடுதிக்கு இடம் மாறும், அவ்வளவே.

விதியே வேண்டாம் என்று நாம் கூறுவதாக எவரும் எண்ணிவிடலாகாது. தீத் தடுப்பும் தூய குடிநீரும் கழிவுநீர் வசதியும் எந்த வீட்டுக்கும் வேண்டும். தங்குவோர் பெயரைப் பதிவேட்டில் எழுதுவதும், வெளிநாட்டினர் தங்கினால் உரிய அதிகாரிக்கு அறிவிப்பதும் நாட்டின் பாதுகாப்புக்கு வேண்டியவை. இரவில் கூச்சலிட்டு அண்டை வீட்டாரின் உறக்கத்தைக் கெடுத்தால் தண்டனை நியாயமே. நாம் கோருவது மூன்று. முதலாவது, உரிமையாளர் குடும்பத்தோடு வசிக்கும் வீட்டை மற்றவற்றினின்று பிரித்து நடத்துதல். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டம் உரிமையாளர் அங்கேயே வசிக்கவேண்டும், அறைகள் ஆறுக்கும் படுக்கைகள் பன்னிரண்டுக்கும் மிகலாகாது என்று வகுத்திருக்கிறது. இந்த எல்லைக்கோட்டையே எங்கும் கொள்ளலாம். இரண்டாவது, முன்கூட்டியே வாங்கும் மொத்தக் கட்டணத்தை விடுத்து, வருமானத்துக்கு ஏற்ப வாங்குதல். மூன்றாவது, பல அலுவலகங்களுக்குப் பதிலாக ஒரே இடத்தில், ஒரே படிவத்தில் பதிவு.

இம்மூன்றாவதில் கூட்டுறவுக்கு இடமுண்டு. தனித்தனியே இருபது குடும்பங்கள் செய்ய இயலாததை ஒரு சங்கம் செய்யும். பதிவேடுகளைப் பேணுதல், தீயணைக்கும் கருவிகளை மொத்தமாக வாங்குதல், வீடுகளைப் பார்வையிட்டுத் தரம் காத்தல், தவறு செய்த அங்கத்தினரைக் கண்டித்தல் ஆகிய யாவும் சங்கத்தால் கூடும். இத்தாலியில் தோன்றிய ஃபேர்பிஎன்பி என்னும் கூட்டுறவு, அறை பதிவு செய்யும் தரகில் பாதியை அந்தந்த ஊரின் பொதுக் காரியங்களுக்கு அளிப்பதைத் தன் விதியாகக் கொண்டது. கேரளத்துக் குமரகத்தில் ஊர் விவசாயிகளின் காய்கறிகளை விடுதிகள் வாங்கும் ஏற்பாடு ஏற்கெனவே நடந்து காட்டப்பட்டது. விருந்தினர் வீட்டில் தங்கினால், உண்பது ஊர் விளைவு. போகும்போது வாங்கிச் செல்வது ஊர் நெசவு. இடைத்தரகர் குறைந்தால் பணம் ஊரிலேயே தங்கும்.

1904-இல் காஞ்சிபுரத்தில் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானபோது, சிறியவர் ஒன்றுகூடினால் பெரியவருக்கு ஈடுகொடுக்கலாம் என்பதே அதன் ஆதாரமாக இருந்தது. சிறியவரை ஒன்றுகூட விடாமலே நசுக்கிவிடும் விதிகள் அந்த ஆதாரத்தையே அசைக்கின்றன. ஆதலின், தத்தம் ஊராட்சியிலும் நகராட்சியிலும் இத்தகைய கட்டண உயர்வு ஆலோசனைக்கு வரும்போது, நம் சங்கங்கள் வாளாவிருக்கலாகாது. எத்தனை குடும்பங்கள் இத்தொழிலில் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஆண்டில் எத்தனை இரவுகள் விடுகின்றன, புதிய கட்டணம் இரவுக்கு எவ்வளவு விழுகிறது என்று கணக்கெடுத்து, உரிய காலத்தில் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கவேண்டும். கணக்கோடு பேசுபவரின் குரலை அலட்சியம் செய்வது எளிதன்று. பனங்காயைச் சுமக்கும் வலிமை உள்ளவர் சுமக்கட்டும். குருவிக்கு அதன் அளவான சுமையே நீதி.