முகத்தில் மங்கு... கையில் ட்யூப்!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் 'தொழிற்கல்வியின் எதிர்காலம்' என்று தலைப்புப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. நம் கண்ணெதிரே நடக்கிற ஒன்றை விட்டுவிட்டு எதிர்காலத்தைப் பற்றி என்ன எழுதுவது? அதனால் மங்கு பற்றி எழுதுகிறேன். 'மூஞ்சி விஷயத்துக்கெல்லாம் ஒரு பக்கமா?' என்று சிரித்துவிட்டுப் புரட்டிவிடாதீர்கள். சிரிக்கிற விஷயமாக இருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

நான் சிவில். நார்த்தாமலை பக்கம் சர்வே முகாமில் பத்து நாள் வெயிலில் நின்றுவிட்டு வந்தபோது, இரண்டு கன்னத்திலும் மூக்குத் தண்டிலும் பழுப்பாகப் படர்ந்திருந்தது. வகுப்பில் உடனே 'உலக மேப்' என்று பட்டப்பெயர்! அம்மாவுக்கும் மங்கு உண்டு. "உன்னைப் பெத்தப்ப வந்துச்சு, கடலைக் காட்டு வெயில்ல தங்கிருச்சு, விடுடி" என்றார். சித்தி ஈரல் சூடு என்றார். பக்கத்து வீட்டு ஆயா மங்கு சனி என்றார். நான் யார் பேச்சையும் கேட்காமல் ஒரு மருந்துக்கடைக்குப் போனேன். சீட்டு கேட்கவில்லை, ஒரு ட்யூபை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

மூன்றே வாரத்தில் முகம் பளபளவென்று ஆகிவிட்டது. நாலாவது மாதம் கன்னமெல்லாம் பரு, தோலுக்கடியில் நூல் நூலாகச் சிவப்பு நரம்பு. மூன்று நாள் தடவாமல் இருந்தேன். மிளகாயை அரைத்துப் பூசியது போல எரிந்தது. மங்கு முன்னைவிடக் கறுப்பாகத் திரும்பி வந்தது. அரசு மருத்துவமனையில் தோல் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "எந்த ட்யூப்மா போட்ட?" என்பதுதான்.

மங்கு என்பது அழுக்கல்ல, தொற்றுநோயல்ல, புற்றுநோயுமல்ல. தோலில் மெலனின் என்ற நிறமியைச் செய்யும் செல்கள் தேவைக்கு மேல் வேலை செய்கின்றன, அவ்வளவுதான். தூண்டிவிடுவது முக்கியமாக வெயில். கர்ப்பகாலம், கருத்தடை மாத்திரை, பரம்பரை ஆகியவையும் காரணம். பெண்களுக்கு அதிகம் என்றாலும் ஆண்களுக்கும் வரும். வெல்டிங் ஷாப்பில் முகக் கவசம் இல்லாமல் யாராவது நிற்போமா? அந்தத் தீப்பொறியில் இருக்கிற புற ஊதாக் கதிர்தான் நம்மூர் வெயிலிலும் இருக்கிறது. அங்கே கவசம் போடுகிறவர்கள், தியோடலைட் பக்கத்தில் மட்டும் வெறுந்தலையோடு நிற்கிறோம்!

அப்படியென்றால் அந்த ட்யூபில் என்னதான் இருந்தது? ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று பல பெயர்கள். டாக்டர் சொல்லி, அளவோடு போட்டால் அது மருந்து. மங்குக்கே 1975ல் கிளிக்மன், வில்லிஸ் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றையும் சேர்த்து ஒரு கலவை கொடுத்தார்கள். இன்றும் டாக்டர்கள் அதன் மாற்று வடிவங்களைச் சில வாரங்களுக்கு மட்டும் எழுதுகிறார்கள். அதை நாமாக வாங்கி மாதக்கணக்கில் ஸ்நோ மாதிரி பூசினால் தோல் மெலிந்துபோகும்.

இது என் ஒருத்தி கதை இல்லை. 2011ல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில், முகத் தோல் கோளாறோடு வந்த 2926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அந்த 433 பேரில் நூற்றுக்கு 29 பேர் சிவப்பழகு கிரீமாகவோ ஷேவிங்குக்குப் பிறகோ பூசியவர்கள். 2018ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு கிரீம்களை 'எச்' அட்டவணையில் சேர்த்து, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றது. சட்டம் வந்துவிட்டது, நாம் சீட்டில்லாமல் கேட்பதை நிறுத்தினோமா? லேபிளே இல்லாத வெள்ளையாக்கும் கிரீம்கள் இன்னும் மோசம். பாதரசம் கலந்த அப்படிப்பட்ட கிரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்டது, 2023ல் பக்கத்து மாநிலமான கேரளத்தின் மலப்புரத்தில் வெளிச்சத்துக்கு வந்தது.

சரி, என்னதான் செய்வது? ஓதம் ஏறிய சுவருக்கு வெள்ளையடித்தால் நிற்காது என்று சிவில் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெயிலைத் தடுக்காமல் எந்த மருந்தும் நிற்காது. குடை, அகல விளிம்புத் தொப்பி, துப்பட்டா, எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன், வெளியில் நிற்கிற நாளில் இரண்டு மணிக்கு ஒருமுறை மறுபடி பூசுவது. இரும்பு ஆக்சைடு கலந்த நிற சன்ஸ்கிரீன் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுக்கும். எலுமிச்சம்பழம் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகாதீர்கள், வெந்துபோகும். மற்றபடி அஸலாயிக் அமிலம் போன்ற மருந்துகளை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். கர்ப்பிணிகளுக்குச் சில மருந்துகள் ஆகாது. குறைய மாதக்கணக்கில் ஆகும். வெயில் பட்டால் திரும்பவும் வரும். பொறுமை வேண்டும்.

நம் யூனியனுக்கு மூன்று வேண்டுகோள். சர்வே பிராக்டிகலைக் காலை பத்து மணிக்குள் முடிக்கக் கல்லூரியிடம் கேட்போம். முகாமுக்குப் போகும் எல்லோருக்கும் தொப்பி வாங்குவோம். வருடத்துக்கு ஒருமுறை ஒரு தோல் டாக்டரை அழைத்துப் பேசச் சொல்வோம்.

நாலாவது வேண்டுகோள் யூனியனுக்கு இல்லை, உங்களுக்கு. அந்த ட்யூபை நான் வாங்கப் போனது மங்குக்காக அல்ல. 'உலக மேப்' என்ற அந்த ஒரு சொல்லுக்காக. 1991ல் இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டு வெயிலில் ஓட்டிப் போனார்கள். கேலி செய்தவர்கள் அன்றும் இருந்தார்கள். அதற்காக அவர்கள் இறங்கிவிடவில்லை. நானும் இப்போது மங்கோடுதான், தொப்பி போட்டுக்கொண்டு, லெவல் எடுக்கிறேன்.

அடுத்தவர் முகத்தைப் பார்த்து ஒரு பெயர் வைக்குமுன் ஒரு நிமிஷம் யோசியுங்கள் நண்பர்களே. அதன் விலையை அவர் ஒரு ட்யூபில் கொடுத்துக்கொண்டிருக்கலாம்!