தப்பான விடைக்கு ஒரு பீரியடு

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுப்பார்கள். தாள் கைக்கு வந்ததும் பிள்ளைகள் முதலில் பார்ப்பது தங்கள் மதிப்பெண்ணை; அடுத்து, பக்கத்தில் இருப்பவரின் மதிப்பெண்ணை. பிறகு தாள் மடிந்து பைக்குள் போய்விடுகிறது. எந்த இடத்தில் தப்பு வந்தது என்று பார்க்க ஆளில்லை. ‘எனக்குக் கணக்கு வராது’ என்ற முடிவுக்குப் பல பிள்ளைகள் வந்து சேர்வது இந்த வேளையில்தான்.

திறமை பிறவியிலேயே அளந்து கொடுக்கப்பட்டதல்ல, வளர்வது என்று பிள்ளை நம்ப வேண்டும் என்பவர் உளவியலாளர் கரோல் டுவெக். அவரும் கிளாடியா முல்லரும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், புதிர்களை விடுவித்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை ‘நீ புத்திசாலி’ என்றும் சிலரை ‘நன்றாக உழைத்தாய்’ என்றும் பாராட்டினார்கள். அடுத்து வந்த கடினமான புதிர்களில் எல்லோரும் தடுமாறினார்கள். அதன்பின் மறுபடி எளிய புதிர்களைக் கொடுத்தபோது, புத்திசாலிப் பட்டம் வாங்கியவர்கள் முன்னைவிட மோசமாகச் செய்தார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் முன்னேறினார்கள்.

இதைக் கேள்விப்பட்டு ‘உன்னால் முடியும்’ என்று சுவரில் எழுதி வைக்கிறோம். ஆனால் முயற்சியை மட்டும் புகழ்ந்தால் போதாது என்று டுவெக்கே பின்னாளில் எச்சரித்தார். வழி தெரியாமல் திரும்பத் திரும்ப முயன்று தோற்கும் பிள்ளைக்கு இருக்கிற நம்பிக்கையும் போய்விடும். வழி காட்ட நல்ல இடம், அந்தப் பிள்ளையின் தப்பான விடைதான்.

ஆறாம் வகுப்பு ஒன்றில் பார்த்தேன். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருந்தாள் ஒரு மாணவி. டீச்சர் அதை அடிக்கவில்லை.

“பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா கூடுமா, குறையுமாம்மா?”

“கூடும் டீச்சர்.”

“அப்போ இந்த 2/5 பாதியைவிடப் பெருசா?”

அவள் ஒரு பட்டை வரைந்து, ஐந்து கட்டமாக்கி, இரண்டுக்கு வண்ணம் தீட்டினாள். “ஐயோ, குறையுது டீச்சர்!” அதே அளவு பட்டையை ஆறு கட்டமாக்கச் சொன்னார் டீச்சர். பாதிக்கு மூன்று கட்டம், மூன்றில் ஒரு பங்குக்கு இரண்டு. 5/6 என்பதை அவளே சொன்னாள்.

இப்படி வழிகாட்டும் குறிப்பைத் தாளில் எழுதிக் கொடுத்தாலும், அதன் பலனை மதிப்பெண் மறைத்துவிடுவதும் உண்டு. ஆய்வாளர் ரூத் பட்லர் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை.

வகுப்பு நிறையப் பிள்ளைகள், பாடத்தை முடிக்கும் அவசரம் என்று ஆசிரியர்கள் சொல்வது நியாயம். ஒவ்வொரு தாளிலும் குறிப்பெழுத நேரமிருக்காது. ஒரே ஒரு பீரியடு ஒதுக்குங்கள். அதிகம் பேர் தவறவிட்ட மூன்று கணக்குகளை, யார் போட்டது என்று சொல்லாமல் கரும்பலகையில் எழுதுங்கள். தப்பு எங்கே என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். பிறகு அவரவர் தாளைத் திருத்தி எழுதட்டும். திருத்தி முடித்த பிறகு, அந்த வேலைக்கும் மதிப்பெண் போடுங்கள். கற்கும்போதே அளந்து திருத்த உதவும் வளரறி மதிப்பீடு இருப்பதே இதற்காகத்தான். மதிப்பெண் இல்லாத வேலையைப் பள்ளி பெரிதாக நினைப்பதில்லை என்பது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும்.

வீட்டிலும் ‘எத்தனை மார்க்?’ என்பதோடு நிறுத்தாமல், ‘எந்தக் கணக்கு தப்பாச்சு, இப்போ போட வருதா?’ என்று கேட்போம். அரையாண்டுத் தேர்வுக்கான படிப்பை அந்தக் கணக்கிலிருந்தே தொடங்கலாம்.