கம்ப்யூட்டர் திணறுகிறதா?

பிள்ளைகள் விளையாடும் கம்ப்யூட்டர் பாதி ஆட்டத்தில் திக்கித் திணறினால், "கிராபிக்ஸ் கார்டு போச்சு, புதுசு வாங்கணும்" என்பார்கள். அது பல மாத மளிகைச் செலவாச்சே! பர்ஸைத் திறக்கும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள், சகோதரிகளே.

முதலில் நன்றாக ஓடி, பத்து நிமிஷம் கழித்துத் திணறினால் பெரும்பாலும் சூடுதான் காரணம். பிராசஸர் 90, 100 டிகிரியைத் தொட்டால், கெட்டுப் போகாமலிருக்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால் பட்டென்று அணைந்துவிடும்.

* பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். இரும்புச் சட்டத்தை ஒருமுறை தொட்டுவிட்டு, விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். ஈரத்துணி கூடவே கூடாது.

* நாலைந்து வருஷம் ஆன கம்ப்யூட்டரா? பிராசஸர் மேல் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். பழையதைத் துடைத்துவிட்டு, புதியதைப் பட்டாணி அளவு வைத்தால் போதும். பழக்கமில்லாதவர்கள் தெரிந்தவரைக் கொண்டு செய்யுங்கள்.

* ஆட்டம் ஆரம்பத்திலிருந்தே மந்தமா? மானிட்டர் ஒயரைப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டில் சொருகாமல் மதர்போர்டில் சொருகியிருந்தால், காசு கொடுத்து வாங்கிய கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும்!

* திரையே வரவில்லையென்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ராமைக் கழற்றி மறுபடி 'க்ளிக்' என்று அழுத்திச் சொருகிப் பாருங்கள்.

* பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்கவே வேண்டாம். பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும், உயிருக்கே ஆபத்து.

பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். மூன்று மாதத்துக்கொரு முறை தூசி தட்டுங்கள். "எந்நேரமும் விளையாடிக் கெடுத்துட்டே" என்று பிள்ளையைத் திட்டுவானேன்? தூசிக்கு அவன் என்ன செய்வான், பாவம்!