ஒட்டுண்ணிகளின் வளர்ச்சியும் வியாபகமும்

ஒட்டுண்ணித் தாவரங்களுள் எது துரிதமாக வளர்கிறதோ அதுவே தூர தேசங்களுக்கும் பரவும் என்றும், இலையையும் வேரையும் இழந்து முற்றிலும் பிறர் சாரத்தில் பிழைப்பவை ஒரு மூலையில் முடங்கும் என்றும், பலவகைச் செடிகளை அண்டி உண்ண வல்லவற்றுக்கே உலகம் வசப்படும் என்றும் ஓர் அபிப்பிராயம் ஸ்திரப்பட்டு வருகிறது. கேட்க நியாயமாகத் தோன்றும் இக்கொள்கை பிரத்தியட்ச உதாரணங்களுக்கு முன் நிற்பதாயில்லை.

வேகத்தை முதலில் பார்ப்போம். கடலோரப் புதர்களைப் போர்த்துக் கிடக்கும் கொத்தானின் பேரினத்தில் சுமார் 20 இனங்கள் உண்டு. எல்லாம் ஏறத்தாழ ஒரே பாங்கில் படரும் கொடிகளே. ஆயினும் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவுக்குள் அடங்கியிருக்க, இந்த ஒன்று மட்டும் உஷ்ணப் பிரதேசங்களை வளைத்துக் கடற்கரைதோறும் குடியேறியதென்றால், அதற்குக் காரணம் கொடியின் வேகமா, அலையில் மிதக்கவும் பறவையின் வயிற்றில் பிரயாணம் செய்யவும் ஏற்ற அதன் கனியா? மந்தகதிக்குச் சந்தன மரமே சாட்சி. அண்டை மரத்தின் வேரைப் பற்றி உறிஞ்சாமல் அது செழிப்பதில்லை என்பதைப் பலர் அறியார். வயிரம் ஏற அதற்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். இருந்தும் அதன் குலத்தைச் சேர்ந்த மரங்கள் பசிபிக் சமுத்திரத்தின் நடுவே ஹவாய்த் தீவுகள்வரை நிலைபெற்றுள்ளன.

உறுப்பிழந்தவை முடங்கும் என்பதற்கு ரஃப்ளீசியாவைக் காட்டுவார்கள். சுமாத்திரா, போர்னியோக் காடுகளில் ஒரு மீட்டர் அகலம்வரை மலரும் அந்த அதிசயம், ஒருவகைக் காட்டுக்கொடியை விட்டு அகலாதது மெய்தான். ஆனால் அதைப் போலவே ஆதாரச் செடியின் உடலுக்குள் இழைகளாய் ஒளிந்து, பூக்கும்போது மட்டும் பட்டையைப் பிளந்து சில மில்லிமீட்டர்ப் பூவை நீட்டும் பிலோஸ்டைலிஸ், அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஈரான், ஆஸ்திரேலியா ஆகிய நிலங்களிலெல்லாம் இனங்களைக் கொண்டிருப்பதை ஏனோ சொல்வதில்லை.

உணவின் பன்மை குறித்த வாதம் இன்னும் பலவீனமானது. நம் உழவர் புகையிலைக் காளான் என்று வெறுக்கும் செடிக்கு நெருங்கிய உறவான ஒன்று, வயல்களில் சூரியகாந்தியையே நம்பி வாழ்கிறது. எனினும் ஸ்பெயின் முதல் சீனம்வரை அது உண்டு. அமெரிக்காவில் தோன்றிய சூரியகாந்தியை ஐரோப்பியர் பயிரிட்டதே அதற்கு வாய்த்த பெரும் பாக்கியம்.

மண்ணில் பத்தாண்டுக்கு மேலும் உறங்கும் விதையின் பொறுமையும் ஒரு வளர்ச்சிக் குணம்தானே என்று வினவுவோருக்கு ஒன்று ஒப்புக்கொள்வேன்: பயிர்களின் வேரை உறிஞ்சும் ஒட்டுண்ணியான சுடுமல்லிக்கு அது பெருந்துணை. 1956-இல் அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில், மக்காச்சோள வயல்களில் அது கண்டுபிடிக்கப்பட்டபோது அரசாங்கமே கலங்கிற்று. ஆனால் அந்தப் பொறுமை விதையைக் காத்ததேயன்றிக் கடல் தாண்டச் செய்யவில்லை. காத்தும், அருகில் பயிரின் வேர் இல்லையேல் முளைத்த விதை சில தினங்களில் மடிந்துபோகும். இதை அறிந்தே அங்குள்ளவர்கள் மண்ணுக்குள் எத்திலீன் வாயுவைச் செலுத்தி, பயிரில்லாத காலத்தில் விதைகளை ஏமாற்றி முளைக்க வைத்து அழித்தார்கள்.