விவசாயப் பட்டப்படிப்பும் கிராமத்தாரின் கடமையும்

விவசாயத்தைப் புத்தகத்தால் மட்டும் கற்பிக்க இயலாது என்பது கிராமவாசிகளுக்குப் புதிய செய்தியன்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது அவர்கள் வழங்கும் பழமொழியே. ஆயினும், இக்குறையை நீக்கும்பொருட்டு விவசாயக் கலாசாலைகள் தம் மாணாக்கரைக் கிராமங்களுக்கு அனுப்புங்கால், அவர்களுக்கு எதை எங்ஙனம் கற்பிப்பது என்பதைக் குறித்துக் கிராமத்தார் போதிய அளவு சிந்திப்பதாகத் தெரியவில்லை. வந்தவர்கள் விருந்தினராகக் கருதப்படுகின்றனர், உபசரிக்கப்படுகின்றனர், வேண்டிய கையெழுத்துகளைப் பெற்றுத் திரும்புகின்றனர். இவ்வழக்கம் மாறுதல் வேண்டும். கிராமத்தில் கழியும் காலம் பட்டப்படிப்பின் மிக முக்கியமான பகுதியாகும். அப்பகுதிக்குரிய உபாத்தியாயர் கலாசாலையில் இல்லை; கிராமத்தில்தான் இருக்கிறார்.

தமிழ்நாட்டில் விவசாயக் கல்வி தொடக்கமுதல் நிலத்தை ஒட்டியே நடந்து வந்துள்ளது. சைதாப்பேட்டையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏற்பட்ட விவசாயப் பள்ளி ஒரு பண்ணையைச் சார்ந்தே நடைபெற்றது. அது 1906-ஆம் ஆண்டில் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. அங்கே 1912-ஆம் ஆண்டில் நெல்லுக்கும் கரும்புக்கும் ஆராய்ச்சி நிலையங்கள் ஏற்பட்டபின், புது ரகங்கள் உண்டாக்கப்படும் விதத்தை மாணாக்கர் அருகிலிருந்தே காண முடிந்தது. 1971-ஆம் ஆண்டில் அக்கலாசாலையை மூலமாகக் கொண்டு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தோன்றியது.

எனினும், கலாசாலைப் பண்ணைக்கும் குடியானவரின் வயலுக்கும் பெரிய வேற்றுமை உண்டு. பண்ணையில் ஆளும் எருவும் சர்க்கார் செலவில் வரும். பயிர் பழுதானால் அதனால் மாணாக்கர் எவரும் கடனாளியாவதில்லை. குடியானவரோ வாய்க்காலில் தண்ணீர் வரும் முறை, நடவாள் கிடைக்கும் நாள், கடன் தவணை, மழைக்குறி ஆகிய நான்கையும் பார்த்தே ஒவ்வொரு காரியத்தையும் செய்ய வேண்டியவராயிருக்கிறார். இவ்வேற்றுமையை அறியாத பட்டதாரி நூலறிவில் எவ்வளவு சிறந்தவராயினும், பிறருடைய நிலத்திற்கு யோசனை கூறத் தக்கவராகார்.

இதனை உணர்ந்தே, 1992-ஆம் ஆண்டில் ரந்தாவா குழு, விவசாயப் பட்டப்படிப்பு மாணாக்கர் கிராமத்தில் தங்கி வேலை அனுபவம் பெறவேண்டுமென்று சிபாரிசு செய்தது. தமிழ்நாட்டில் இது கிராமத் தங்கல் திட்டம் என்று வழங்குகிறது. பின்னர், காளான் வளர்த்தல், மண்புழு உரம் தயாரித்தல், விதை உற்பத்தி போன்ற தொழில்களை மாணாக்கரே முதலிலிருந்து விற்பனை வரையில் நடத்திக் கற்கும் முறையும் சேர்ந்தது. 2015-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 25-ஆம் தேதி, ‘ஸ்டூடண்ட் ரெடி’ என்னும் பெயரால் இவையாவும் ஒரே திட்டமாகத் தொடங்கிவைக்கப்பட்டன. நான்காண்டுப் படிப்பின் கடைசி ஆண்டு இவ்வகைப் பயிற்சிக்கென ஒதுக்கப்பட்டது. ஆகவே, திட்டம் இல்லை என்ற குறை இப்பொழுது இல்லை. அது கிராமத்தில் எவ்வாறு நிறைவேறுகிறது என்பதே கேள்வி.

இத்தகைய கல்விக்கு இரண்டாவது உபாத்தியாயர் இன்றியமையாதவர் என்பதற்கு வேறொரு தேசத்தின் அனுபவம் சான்றாகும். கோயம்புத்தூருக்குக் கலாசாலை மாற்றப்பட்ட அதே 1906-ஆம் ஆண்டில், அமெரிக்காவிலுள்ள சின்சினாட்டி சர்வகலாசாலையில் ஹெர்மன் ஷ்னைடர் என்னும் ஆசிரியர் 27 பொறியியல் மாணாக்கரைக் கொண்டு ஒரு புதுமுறையைத் தொடங்கினார். அவர்கள் ஒரு வாரம் வகுப்பிலும் மறுவாரம் தொழிற்சாலையிலுமாக மாறி மாறிப் பயின்றனர். தொழிற்சாலையில் அவர்கள் வேடிக்கை பார்ப்பவராக இருக்கவில்லை. கூலி பெறும் வேலையாட்களாக இருந்தனர். கூலி கொடுப்பவர் வேலையைப் பார்த்து வாங்குவார், தவறினால் திருத்துவார். அம்முறை நிலைத்துப் பல தேசங்களிலும் பரவியதற்கு இது ஒரு முக்கிய காரணம் எனலாம்.

கிராமங்களிலோ நிலைமை பெரும்பாலும் மாறாக உள்ளது. முட்டை மிதக்கும் அளவுக்கு உப்புக் கரைத்த நீரில் நெல் விதையைக் கொட்டிப் பதரைப் பிரிக்கும் முறையை மாணாக்கர் பத்து விவசாயிகளுக்குச் செய்து காட்டுகின்றனர். புகைப்படம் எடுக்கப்படுகிறது, அத்துடன் காரியம் முடிகிறது. அம்முறை நல்லதே. ஆனால், மூழ்கிய விதையை நல்ல நீரில் கழுவி, முளைகட்டி, நாற்றங்காலில் விதைத்து, அது எப்படி எழுந்தது என்று பின்னர் பார்த்தவர் எத்தனை பேர்? ஒரு மணி நேரத்தில் செய்து காட்டுவது விவசாயிக்குச் சொல்லும் செய்தியாகலாம். மாணாக்கருக்கு அது படிப்பாகாது.

எனவே, கிராமத்திற்கு வரும் ஒவ்வொரு குழுவுக்கும் நிலமுடைய விவசாயி ஒருவர் பத்து சென்ட் நிலத்தையேனும் ஒதுக்கிக் கொடுத்தல் நலம். ஒற்றை நாற்று நடவு முறையில் ஏக்கருக்கு விதை ஏறக்குறைய 3 கிலோ போதுமாகையால், பத்து சென்டுக்கு 300 கிராம் விதையே செலவாகும். 14 நாள் நாற்றை 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நடும்படி மாணாக்கர் புத்தகத்தில் படித்திருப்பர். அதை அவர்களே சேற்றில் இறங்கிக் கயிறு பிடித்து நடட்டும். இளநாற்று கையில் ஒடிவதும், சமன் செய்யாத வயலில் பள்ளத்து நாற்று அழுகுவதும், பழகாத நடவாட்கள் அதிகக் கூலி கேட்பதும் அப்பொழுதுதான் விளங்கும். நல்ல முறையென்று பல்லாண்டு சொல்லப்பட்டும் சில ஊர்களில் அது பரவாததன் காரணமும் அங்கேயே புலப்படும்.

தங்கும் காலம் நெற்பயிரின் ஆயுளுக்குப் போதாது என்று சிலர் கூறுவர். அது மெய்யே. நாற்று நட்டபின் வந்து கதிர் வருமுன் திரும்புகிறவர் பயிரின் நடுப்பகுதியை மட்டுமே காண்பர். இதற்குப் பரிகாரம் இரண்டு உண்டு. உளுந்து, பச்சைப்பயறு ஆகியவற்றின் குறுகிய காலரகங்கள் 60 முதல் 70 நாட்களில் விளைந்துவிடும். அவற்றைத் தெரிந்துகொண்டால் விதைப்பு முதல் களத்துமேடு வரையில் முழுதும் பயிலலாம். அன்றேல், ஒரு குழு தொடங்கிய வயலை அதன் குறிப்பேட்டுடன் அடுத்த குழு ஏற்று நடத்தலாம். முன்னவர் செய்த பிழையைப் பின்னவர் காண்பதும் ஒரு பாடமே.

பயறுவகைக்கு இரண்டு சதவிகித டி.ஏ.பி. கரைசலைப் பூக்கும் தருணத்திலும், பின் பதினைந்து நாள் கழித்தும் தெளிக்க வேண்டுமென்பது பரீட்சையில் ஒரு வரி விடையாகும். வயலில் அது ஒரு நாள் வேலை. பத்து சென்டுக்கு 20 லிட்டர் நீரும் 400 கிராம் உரமும் வேண்டும். முதல் நாள் மாலையே ஊறவைத்துத் தெளிந்த நீரை வடிகட்டி எடுக்காவிடில் தெளிப்பானின் துவாரம் அடைபடும். இதனை ஒருமுறை செய்தவர் மறவார்.

நிலத்தைக் கொடுப்பதைவிட அரியது கணக்கைக் காட்டுவதாகும். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கேனும் மிஞ்சாது என்பர். அக்கணக்கை மாணாக்கரிடமிருந்து மறைப்பதில் பயனில்லை. உழவு, எரு, மருந்து, நடவு, களை, அறுப்பு, வண்டிவாடகை, வட்டி ஆகியவற்றை உள்ளபடி கூறினால், நாளை வங்கியிலோ விவசாய இலாகாவிலோ அமரப்போகும் அவர், பயிர்க்கடன் ஏன் தவணைக்கு வருவதில்லை என்பதை அறிந்தவராய் அமர்வார். விவசாயி மட்டுமேயன்றி, நாற்று முடி விலக்கும் கூலிப்பெண்ணும், மாட்டின் நோயை நடையிலேயே கண்டுகொள்ளும் மேய்ப்பரும் இங்கே உபாத்தியாயர்களே. அவர்கள் வேலையை நிறுத்திக் கற்பிக்கும் பொழுதுக்குக் கூலி கொடுப்பது கலாசாலைக்கு முறையாகும்.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் பங்குண்டு. அடங்கல் பதிவு எங்ஙனம் எழுதப்படுகிறது, சர்வே எண் ஒன்றில் குறித்த பயிரும் நிலத்தில் நிற்கும் பயிரும் ஒத்திருக்கின்றனவா என்பதை மாணாக்கரை உடன் அழைத்துச் சென்று காட்டலாம். வெள்ளத்தாலோ வறட்சியாலோ பயிர் அழிந்தபோது நிவாரணம் உரியவருக்குச் சேர்வது அப்பதிவைப் பொறுத்தது என்பதை அவர்கள் அறிதல் வேண்டும். மேலும், வருகிறவர்களில் பெண்கள் பலராதலின், பாதுகாப்பான வீடும் கழிப்பிட வசதியும் முன்னதாகவே ஏற்பாடு செய்யப்படுதல் அவசியம். தங்க இடமின்றி நாள்தோறும் பஸ்ஸில் வந்து செல்பவர்கள் விடியற்காலை வேலையையும் இரவு முறைத் தண்ணீரையும் காணமாட்டார்கள்.

இறுதியாகக் கையெழுத்தைப் பற்றியது. மாணாக்கரின் எதிர்காலம் கெடுமே என்ற இரக்கத்தால், வராத நாளுக்கும் வந்ததாகச் சான்று கொடுக்கும் நல்ல மனம் சிலரிடம் உண்டு. அந்த இரக்கம் யாருக்கு நன்மை செய்கிறது? ஐந்தாண்டு கழிந்து அவரே ஒரு பிர்க்காவுக்கு அதிகாரியாக வந்து, தாம் காணாத நோய்க்குத் தாம் தெளித்தறியாத மருந்தை எழுதிக் கொடுப்பாராயின், அதனால் இழக்கப்படுவது ஒரு குடும்பத்தின் ஒரு போகம். மதிப்பெண் குறைந்தவர் மறுமுறை பரீட்சை எழுதலாம். போன பருவம் மீண்டும் வருவதில்லை. ஆகையால், கற்றவருக்கு மனமுவந்தும், கல்லாதவருக்குத் தயக்கமின்றி மறுத்தும் கையெழுத்திடுவதே கிராமத்தார் தமக்கும் தம் மக்களுக்கும் செய்துகொள்ளும் காவலாகும்.