லினக்ஸில் என்விடியா டிரைவர் மக்கர் செய்கிறதா? ஃபார்மேட் செய்ய அவசரம் வேண்டாம்!

உபுண்டு லேப்டாப்பில் என்விடியா டிரைவரை நிறுவி ரீஸ்டார்ட் செய்தால் கறுப்புத் திரை. சிலருக்குத் திரை வரும், ஆனால் வெளி மானிட்டர் வேலை செய்யாது. உடனே கிடைக்கும் அறிவுரை, “ஃபார்மேட் பண்ணிட்டு முதல்ல இருந்து போடு” என்பதுதான். பெரும்பாலும் அது தேவையே இல்லை. கோப்புகள் பறிபோவதுதான் மிச்சம். காரணம் தெரியாவிட்டால் அதே சிக்கல் மறுபடியும் வரும்.

ஏன் இந்தத் தலைவலி?

இன்டெல், ஏஎம்டி கிராபிக்ஸுக்கான டிரைவர்கள் லினக்ஸ் கெர்னலுடனேயே வந்துவிடுகின்றன. என்விடியாவோ தன் டிரைவரின் நிரலை நெடுங்காலம் மூடியே வைத்திருந்தது. 2012-ல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பேசிய லினஸ் டோர்வால்ட்ஸ், கேமரா முன்பே நடுவிரலைக் காட்டி அந்நிறுவனத்தைச் சாடினார். 2022 மே மாதம் கெர்னல் பகுதியின் நிரலை என்விடியா வெளியிட்டது. ஆனாலும் அந்த டிரைவரைத் தனியாகத்தான் நிறுவ வேண்டும்.

எங்கே சறுக்குகிறது?

முதலாவது, விண்டோஸ் பழக்கம். நிறுவனத்தின் தளத்திலிருந்து டிரைவரை டவுன்லோடு செய்து போடுகிறார்கள். அது அப்போதுள்ள கெர்னலுக்காக உருவாகிறது. கெர்னல் அப்டேட் ஆனதும் படுத்துவிடலாம். உபுண்டுவின் ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ வழியாகப் போட்டால், புதிய கெர்னலுக்கு ஏற்ப டிரைவரும் தானாகத் தயாராகிவிடும்.

இரண்டாவது, செக்யூர் பூட். கையொப்பச் சாவி பதிவாகாத டிரைவரை இது உள்ளே விடாது. அதற்காகத்தான் நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கப்படுகிறது. ரீஸ்டார்ட் ஆனதும் சில நொடிகள் நீலத் திரை தோன்றும். அதில் ‘என்ரோல் மோக்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். “ஏதோ எரர் போல” என்று கடந்துபோனால் டிரைவர் இருந்தும் இயங்காது. தவறவிட்டவர்கள் ‘மோக்யூட்டில்’ கருவி மூலம் சாவியை மறுபடி பதிவுக்கு அனுப்பலாம்.

செக்யூர் பூட்டை அணைத்துவிடுவது சுலபம்தான். ஆனால் அதே லேப்டாப்பில் பிட்லாக்கர் போட்ட விண்டோஸும் இருந்தால், அது ரெக்கவரி கீ கேட்டு நிற்கலாம். கீ கையில் இல்லையென்றால் மொத்த டேட்டாவும் முடங்கும்.

கறுப்புத் திரை வந்துவிட்டால்?

பூட் மெனுவின் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ பகுதியில் பழைய கெர்னலையோ ரெக்கவரி மோடையோ தேர்ந்தெடுங்கள். என்விடியா தொடர்பான பேக்கேஜ்களை நீக்கிவிட்டு, உபுண்டு பரிந்துரைக்கும் டிரைவரை மட்டும் நிறுவுங்கள். தளத்திலிருந்து இறக்கியதாக இருந்தால், அதனுடன் வந்த அன்இன்ஸ்டாலரை முதலில் இயக்குங்கள்.

பயனரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. ஒரு கணினியின் தலையெழுத்தையே தீர்மானிக்கும் அந்த நீலத் திரை, தான் எதற்காக வந்திருக்கிறது என்று ஒரு வரிகூட எளிமையாகச் சொல்வதில்லை. லினக்ஸ் எல்லோருக்குமானது என்றால், முதலில் திருத்த வேண்டியது அந்தத் திரையைத்தான்.